மோட்டார் வண்டியின் பிரேக்கும் சிக்கனமும்

பிரேக்கை நாமே பழுதுபார்த்துக் கூலியை மீதப்படுத்தலாமோ என வினவுவார் பலர். விடை கூறுமுன் அதன் இயல்பை ஆராய்வோம்.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்துச் செலுத்தும் அழுத்தம் எத்திசையும் குறையாது பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. நாம் மிதியை அழுத்த, அவ்வழுத்தம் குழாயிலுள்ள எண்ணெய் வழியே சக்கரங்களை எய்தி, பேட் எனப்படும் உராய்வுக் கட்டைகளைச் சுழலும் தட்டின்மேல் இறுக்குகிறது. 1921-இல் அமெரிக்க நாட்டு டூசன்பர்க் வண்டி நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்கு உடையதாய் வெளிவந்தது.

பேட் தேய்ந்து ஏறத்தாழ 3 மில்லிமீட்டராகும்போது அதனை மாற்றுதல் நம்மால் இயலுவதே. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியை மட்டும் நம்பாது உறுதியான தாங்கிகளின்மேல் அமர்த்துக. ஓர் அச்சின் இருபுறத்தும் ஒருங்கே மாற்றுக. பழைய பேட்களில் கல்நார் இருத்தல் கூடுமாதலின் தூசியை ஊதற்க. வேலை முடிந்தபின், மிதி கெட்டிப்படும்வரை பலமுறை அழுத்தியன்றி வண்டியை நகர்த்தற்க.

எண்ணெயிலோ சிக்கனம் ஆகாது. டாட் 3 எண்ணெய் புதிதாயின் 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் உறிஞ்சியபின் அவ்வெல்லை 140 பாகையாகத் தாழும். கொதித்தெழும் ஆவி அழுந்துமாதலின், மிதி தரையைத் தொட்டும் வண்டி நில்லாது. ஆதலின் நெடுநாள் திறந்துவைத்த எண்ணெயை வார்த்தல் தகாது.

மிதி மெத்தென்று அமிழ்ந்தாலும், எண்ணெய் கசிந்தாலும், கைதேர்ந்த தொழிலாளியை நாடுவோமாக. அவருக்கு ஈயும் கூலி வீண்செலவன்று. சாலையில் செல்வோர் அனைவர்க்கும் நாம் செலுத்தும் கடனேயாம்.