தொலைக்காட்சித் திரைகளும் படத்தின் தெளிவும்



நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கிற்று. அன்று படங்கள் கருப்பு வெள்ளையாகவே தெரிந்தன. சரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1978இல் அதே நாளில், வண்ண ஒளிபரப்பு வந்தது. இன்றோ கடைக்குச் செல்பவர் முன் எல்.சி.டி., எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. எனப் பல பெயர்கள் நிற்கின்றன. ஒரு பெட்டியின் விலையில் தோட்டத் தொழிலாளர் ஒருவர் பல நாள் கொழுந்து பறித்த உழைப்பு அடங்கியுள்ளது. ஆகவே, இவற்றின் வேறுபாட்டை அறிந்து வாங்குதல் நன்று.

படம் எவ்வாறு உண்டாகிறது?

திரை முழுவதும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறப் புள்ளிகள் நெருக்கமாக அமைந்துள்ளன. பெரியோரின் அனுமதி பெற்று, ஒளிரும் கைப்பேசித் திரைமீது மிகச் சிறிய நீர்த்துளி ஒன்றை வைத்துப் பாருங்கள். துளி உருப்பெருக்கியாகி அப்புள்ளிகளைக் காட்டும். மூன்றும் முழுமையாக ஒளிர்ந்தால் வெள்ளை தோன்றும். எதுவும் ஒளிராவிடில் கருமை தோன்றும். இக்கருமையே படத்தின் தரத்திற்கு உரைகல். கருமை சாம்பல் நிறமாக வெளுத்தால் மற்ற நிறங்களும் பொலிவிழக்கும்.

நால்வகைத் திரைகள்

1. படக்குழல்: இதன் மூலக்கருவியை 1897இல் ஜெர்மானிய அறிஞர் பிரௌன் அமைத்தார். குழலின் பின்புறத்திலிருந்து பாயும் மின்னணுக்கற்றை திரையின் பூச்சில் பட்டு ஒளியை எழுப்பும். நம் நாட்டு முறையில் 625 கோடுகள் கொண்ட படம் விநாடிக்கு 25 முறை வரையப்பட்டது. கற்றை படாத இடம் இருண்டே இருந்ததால் கருமை நன்றாக அமைந்தது. ஆனால் பெட்டி பெருங்கனமுடையது.

2. பிளாஸ்மா: 1964இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. நுண்ணறைகளில் அடைத்த வாயு மின்சாரத்தால் தூண்டப்பெற்று ஒளி தந்தது. கருமையும் விரைந்த அசைவும் சிறப்பாகத் தெரிந்தன. எனினும் மின்சாரம் அதிகம் செலவாயிற்று. இதன் உற்பத்தி இப்போது நின்றுவிட்டது.

3. எல்.சி.டி.: திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னாலுள்ள திரவப் படிகங்கள் சன்னற்கதவுகளைப் போலத் திறந்தும் மூடியும் ஒளியை விடும். கதவை எவ்வளவு சாத்தினாலும் இடுக்கின் வழியே சிறிது ஒளி கசியுமன்றோ? அதனால்தான் இரவுக் காட்சிகள் சற்றே வெளுத்துத் தெரிகின்றன. சில வகைகளைப் பக்கவாட்டிலிருந்து நோக்கினால் நிறமும் மங்கும். ஆனால் பகல் வெளிச்சத்தில் இது தெளிவாக இருக்கும், விலையும் குறைவு. எல்.இ.டி. என்று விற்கப்படும் வீட்டுத் தொலைக்காட்சிகள் பெரும்பாலும் இவ்வகையே. பின்னுள்ள விளக்குத்தான் மாறியுள்ளது. பெயர் புதிது என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டுவதில்லை.

4. ஓ.எல்.இ.டி.: 1987இல் கோடாக் நிறுவன அறிஞர்களான டாங், வான் ஸ்லைக் ஆகியோர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. இதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. லயத்து வீடுகளில் தனித்தனி விளக்கு இருப்பதைப் போல, வேண்டாத புள்ளியை முற்றிலும் அணைத்துவிடலாம். ஆகவே கருமை முழுமையானது. எப்பக்கம் அமர்ந்து பார்த்தாலும் படம் பெரிதும் மாறாது. ஆனால் விலை மிகுதி. அசையாத ஒரே படத்தை நெடுநாள் காட்டினால் அதன் தழும்பு திரையில் தங்கிவிடக்கூடும்.

மலையும் அலையும்

திரை எத்துணைச் சிறந்ததாயினும், வந்து சேரும் அலை நன்றாக இருத்தல் வேண்டும். முற்காலத்தில் ஒளிபரப்பு அலைகள் மலைச்சரிவில் மோதித் திரும்பியபோது, ஓர் உருவத்தின் அருகே அதன் நிழலுருவமும் தெரிந்தது. 2019 அக்டோபரில் நாடு முழுவதும் பழைய ஒளிபரப்பு நிறுத்தப்பெற்று, இலக்கமுறை ஒளிபரப்பு முழுமையாக இடம்பெற்றது. இம்முறையில் நிழலுருவம் இல்லை. அலை போதுமானால் படம் தெளிவாக வரும், போதாவிடில் சிதறி நின்றுவிடும். துணைக்கோள வட்டிலைப் பயன்படுத்துவோர்க்குப் பெருமழை இடையூறு செய்யும். ஆகவே, வீடு பள்ளத்தில் இருப்பின், முதலில் வான்கம்பியைச் சரியாக அமைப்பதே அறிவுடைமை.

வாங்குமுன் செய்ய வேண்டுவன

கடையில் திரைகளை மிகுந்த ஒளியுடன் வைத்திருப்பர். வீட்டு அமைப்புக்கு மாற்றச் சொல்லி, இரவுக் காட்சி ஒன்றைக் காட்டச் செய்யுங்கள். நேராகவும் பக்கவாட்டிலும் நின்று நோக்குங்கள். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள் உள்ளன, முழு எச்.டி. திரையில் 20,73,600 மட்டுமே. எனினும் 32 அங்குலத் திரையைப் பத்தடித் தொலைவில் அமர்ந்து பார்ப்போர்க்கு இவ்வேறுபாடு புலப்படுவது அரிது.

பகலில் பார்க்கும் குடும்பத்திற்கு எல்.சி.டி. போதும். இரவில் விளக்கைக் குறைத்துத் திரைப்படம் பார்ப்போர்க்கு ஓ.எல்.இ.டி. சிறப்பு, அதுவும் கடன்படாமல் வாங்க இயலுமாயின். மாணவர்களே, அடுத்த முறை பெற்றோருடன் கடைக்குச் செல்லும்போது, இக்கட்டுரையில் கற்றதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் வியர்வை சிந்தி ஈட்டிய பொருள் வீணாகாமல் காப்பதும் கல்வியின் பயனேயாகும்.