கடைக் கணக்கும் கம்ப்யூட்டர் தொழிலும்

 

கடைகளிலும் உணவகங்களிலும் பணிபுரியும் நம் வாலிபர்களுள் சிலர், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் தொழிலுக்கோ, தரவுகளை ஆராயும் தொழிலுக்கோ மாற விரும்புகின்றனர். பட்டம் இல்லை, கற்பிக்க ஆசிரியரும் இல்லை. குடும்பமோ மாதச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிறது. இந்நிலையில் எங்கிருந்து தொடங்குவது? கையிலிருக்கும் கடைக் கணக்கிலிருந்தே தொடங்குக என்பது நமது யோசனை.

தொழில் மாற்றம் ஆயர் ஈத்தாமுக்குப் புதிதன்று. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபின், தொலைதூர வாகனங்களில் பெரும்பகுதி நமது சந்திப்புக்கு வராமலே சென்றன. பாதை மாறினால் பிழைப்பும் மாறத்தான் வேண்டும். ஆனால் பழைய தொழிலில் பெற்ற அறிவை எறிந்துவிட்டுப் போக வேண்டியதில்லை.

கணக்கை எழுதி வைப்பது நமது மார்க்கம் வலியுறுத்தும் விஷயம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்-பகரா 282, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கூறுவதாகும். தரவுத் தொழிலின் முதற்பாடமும் அதுவே.

மளிகைக் கடைகளில் வழங்கும் ‘555’ கடன் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். அதை எக்செல் போன்ற அட்டவணையில் ஏற்றிப் பாருங்கள். தேதி, பெயர், பொருள், தொகை, செலுத்தியது என ஐந்து பத்திகள் போதும். ஒரு வரியில் ஒரே கொடுக்கல். ஒரு பத்தியில் ஒரே வகைச் செய்தி. தொகைப் பத்தியில் “12 வெள்ளி, பாதி தந்தார்” என்று எழுதினால் இயந்திரத்தால் கூட்ட இயலாது. “3/4” என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் மார்ச் 4. முகமது, முஹம்மது, முகம்மது என்று மூவிதமாக எழுதினால் ஒருவரே மூன்று கடன்காரராகிவிடுவார். இப்பிழைகளைக் கண்டு திருத்துவதே தரவு வேலையில் பெரும்பங்கு. கடையில் நின்றவருக்கு இவை எளிதில் புலப்படும்.

எச்சரிக்கை ஒன்று. முதலாளியின் அனுமதியின்றி வாடிக்கையாளர் விவரங்களை வீட்டுக்குக் கொண்டுபோகலாகாது, அது அமானிதம். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நமது நாட்டில் உண்டு. பயிற்சிக்குக் கற்பனைப் பெயர்களே போதும்.

அட்டவணை கைவந்தபின் எஸ்.கியூ.எல். பயிலுங்கள். “முப்பது நாளுக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர் யார்?” என்று தரவைக் கேட்கும் பாஷை அது. பிறகு பைத்தான், தினமும் கையால் செய்யும் வேலையைத் தானே செய்ய வைக்கும் பாஷை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

எவ்வளவு காலம் பிடிக்கும்? தென்காசி, கடையநல்லூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் பலர் பிழைப்புத் தேடி மலாயாவுக்கு வந்தனர். அதே தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் தொடங்கியது. பட்டம் பெறாத மாணவர்களுக்கும் அந்நிறுவனம் உதவித்தொகை அளித்துப் புரோகிராம் எழுதப் பயிற்றுவிக்கிறது. ஆகவே பட்டம் ஒன்றே வாசல் அன்று. ஆனால் ஆசிரியர் துணையுடன் நடக்கும் அப்பயிற்சிக்கே சுமார் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவ்வாறிருக்க, மூன்றே மாதத்தில் உத்தியோகம் என்னும் விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கிப் பணம் கட்டுவது தகுமா?

இஷா தொழுகைக்குப்பின் ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள் பயின்றால், ஆண்டுக்கு 260 மணி நேரமாகும். அதுவரை இருக்கும் வேலையை விடாதீர்கள். கற்றதைக் கொண்டு கடைக்குப் பயன்படும் ஒரு கருவியையேனும் முழுமையாகச் செய்து முடியுங்கள். வேலை கேட்கும்போது அதைக் காட்டுங்கள். தெரியாததைத் தெரியுமென்று எழுதாதீர்கள். பொய்யால் பெறும் உத்தியோகத்தில் பரக்கத் ஏது?

ஹலாலான சம்பாத்தியத்துக்காக நம் வாலிபர் எடுக்கும் முயற்சிகளை வல்ல அல்லாஹ் வெற்றியாக்கி வைப்பானாக! ஆமீன்.