படர்தாமரையும் பயனிழக்கும் மருந்தும்

தறிக்குழியில் வியர்வையோடு அமரும் செயங்கொண்டம் நெசவாளரும், பெரம்பலூர்ப் பக்கம் கன்று வளர்க்கும் உழவரும் படர்தாமரையை நன்கறிவர். கன்றின் கண்ணைச் சுற்றிச் சாம்பல்நிறச் செதிலாகத் தோன்றும் பூஞ்சை, அதனைக் கட்டி அவிழ்ப்பவர் கைக்கும் தாவும்.

இன்று நம்மவரிடையே மிகுதியாகப் பரவியிருப்பது அதன் இனத்ததாகிய வேறொன்று. 2020-இல் அதற்கு ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ எனப் பெயரிட்டனர். இந்தியாவின் பெயரையே அது தாங்கியிருப்பது நமக்குப் பெருமையன்று. டெர்பினாஃபின் என்னும் மருந்து, பூஞ்சை தன் உறையை ஆக்கிக்கொள்ள உதவும் நொதியைத் தடுத்து அதனைக் கொல்வது. இப்பூஞ்சையில் பலவற்றில் அந்நொதியே உருமாறிவிட்டமையால், மருந்து அதனைப் பற்ற இயலவில்லை. பின்னர் இட்ராகோனசோலைப் பல வாரம் உண்ண நேரும்.

கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு பெருங்கேடு. அதிலுள்ள ஸ்டிராய்டு அரிப்பை விரைவில் அடக்கும். தோலின் எதிர்ப்பாற்றல் குன்றப் பூஞ்சையோ செழிக்கும். மருத்துவர் சீட்டின்றி ஸ்டிராய்டுக் களிம்புகளை விற்கலாகாதென 2018-இல் அரசு விதித்தது. யானும் முன்பொருமுறை அவ்வாறு வாங்கிப் பூசி, நான்கு திங்கள் அல்லலுற்றவனே.

ஆகவே தோல் மருத்துவரிடம் காட்டுக. தடம் மறைந்த பின்னும், அவர் குறித்த நாள்வரை மருந்தை நிறுத்தற்க. நோயுற்ற வீட்டார் அனைவரும் ஒருங்கே மருந்து கொள்க. துண்டைத் தனியே துவைத்து வெயிலில் உலர்த்துக. கன்றைக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்க. நம் களிம்பை அதற்குப் பூச வேண்டா.