கதிரையை விட்டு எழும்பும் வேலை

2021 நவம்பரில் வந்த இலங்கையின் வரவு செலவுத் திட்டம் அரச ஊழியர்களின் ஓய்வு வயதை 65 ஆக்கியது. அறுபதை நெருங்கியிருந்தவர்கள் மகளின் கலியாணம், வீட்டுக் கடன், மகனின் பல்கலைக்கழகச் செலவு என்று எல்லாவற்றையும் ஐந்து வருடம் தள்ளிக் கணக்குப் போட்டார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2022 ஆகஸ்ட் 30 இல் சமர்ப்பிக்கப்பட்ட இடைக்கால வரவு செலவுத் திட்டம் அந்த வயதை மறுபடி 60 ஆக்கியது. அறுபதைத் தாண்டியவர்கள் டிசம்பர் 31 உடன் வீட்டுக்குப் போக வேண்டும் என்றது. கையில் இருந்தது நான்கே மாதம்.

சில பிரிவினருக்குப் பிறகு விலக்குக் கிடைத்தது. மற்றவர்கள் போனார்கள். முப்பது, முப்பத்தைந்து வருட அனுபவத்தை நான்கு மாதத்துக்குள் இன்னொருவர் கையில் கொடுப்பது யாராலும் ஆகாத காரியம். திருகோணமலை மாவட்டத்தின் குறிஞ்சாக்கேணி, கிண்ணியா, மூதூர் என்று ஆசிரியத் தொழிலையும் அரச உத்தியோகத்தையும் நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த ஊர்களுக்கு அந்த டிசம்பர் ஒரு பாடம். அரசாங்கம் உங்கள் கடைசித் திகதியை எப்போது வேண்டுமானாலும் மாற்றும். நீங்கள் தயாராக இருக்கும் திகதியை உங்களைத் தவிர யாரும் மாற்ற முடியாது.

ஆகவே இந்தக் கட்டுரையின் முதல் ஆலோசனை: ஒதுங்குவதையும் உத்தியோகத்தின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று வருடத்தின் முக்கியமான வேலை அதுதான். 57 இல் தொடங்குங்கள்.

ஒரு போட்டி, எட்டு விக்கெட்

முத்தையா முரளிதரனின் விலகலை நம்மவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வேலைத்தல உதாரணமாக அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. 2010 ஜூலையில் காலியில் இந்தியாவுடனான தொடர் தொடங்கும் முன்னரே, முதல் டெஸ்ட்டோடு விலகுவதாக அவர் அறிவித்துவிட்டார். அப்போது அவரிடம் இருந்தது 792 விக்கெட். 800 க்கு இன்னும் எட்டு வேண்டும். தொடரில் மூன்று போட்டிகள் இருந்தன. மூன்றையும் ஆடியிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் மூன்று. மஹேல ஜயவர்தனவிடம் பிடிகொடுத்துப் போன பிரக்யான் ஓஜா 800 ஆவது ஆள். டெஸ்ட் வாழ்க்கையில் முரளி வீசிய கடைசிப் பந்தும் அதுதான்.

799 இல் நின்றிருந்தாலும் அது சரியான முடிவாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். திகதியை அவர் முதலில் குறித்தார், எண்ணிக்கை பிறகு வந்து சேர்ந்தது. நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். இன்னும் ஒரு கட்டடம் திறக்கட்டும், இன்னும் ஒரு பரீட்சைப் பெறுபேறு வரட்டும், இன்னும் ஒரு பதவி உயர்வு கிடைக்கட்டும் என்று எண்ணிக்கையைத் துரத்துகிறோம். அது முடிவதே இல்லை.

கதையின் அடுத்த பாதி அதைவிட முக்கியம். ரங்கன ஹேரத் 1999 இலேயே டெஸ்ட் அணிக்கு வந்தவர். முரளி ஆடிய காலம் நெடுக உள்ளேயும் வெளியேயுமாகக் காத்திருந்தார். முரளி விலகும்போது ஹேரத்துக்கு 32 வயது. அதற்குப் பிறகுதான் அணியின் பிரதான சுழல்வீச்சாளர் ஆனார். 2018 நவம்பரில் அதே காலி மைதானத்தில், இங்கிலாந்துத் தொடரின் முதல் போட்டியோடு அவரும் விலகியபோது அவர் கணக்கில் 433 டெஸ்ட் விக்கெட்டுகள் இருந்தன. அந்த 433 இல் பெரும்பங்கு முன்னவர் இடம்விட்ட பிறகு வந்தது.

உங்கள் அலுவலகத்திலும் ஒரு ஹேரத் இருக்கிறார். அவருக்கு இப்போது எத்தனை வயது என்று பாருங்கள்.

நேரம் வந்துவிட்டதா?

களைப்பையும் முடிவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். களைப்புக்கு லீவு போதும். இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பும்போது வேலையின் மேல் பழைய ஆசை வந்தால், நீங்கள் போக வேண்டியவர் இல்லை. கடன் நெருக்கடியில், கோபத்தில், மேலதிகாரியோடு ஏற்பட்ட மனக்கசப்பில் எடுக்கும் முடிவும் ஒதுங்கும் முடிவில் சேராது. அது ஓடிப்போவது. ஆறு மாதம் பொறுங்கள்.

முடிவு நெருங்குவதைச் சில விடயங்கள் காட்டித்தரும். கூட்டத்தில் யாராவது புதிய யோசனை சொன்னால் அது ஏன் சரிவராது என்பதே உங்கள் வாயில் முதலில் வருகிறது. கடைசியாக எதைப் புதிதாகக் கற்றீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. இளையவர்கள் உங்களிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் முடிவுகளை வெளியே, தேநீர்க் கடையில் எடுத்துவிட்டு வருகிறார்கள்.

எல்லாவற்றையும்விட ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் ஒரு நாள் வராவிட்டால் வேலை நின்றுபோகிறதா? நின்றால் பெருமைப்படாதீர்கள். அலமாரிச் சாவி எங்கே, எந்தக் கோவையில் என்ன இருக்கிறது, கணினியின் கடவுச்சொல் எது என்று உங்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கிறது. ஒரு பொது நிறுவனத்தை உங்கள் தலைக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அந்தப் பூட்டைத் திறக்காமல் போனால் உங்களுக்குப் பின்னால் வருபவர் படும்பாடு ஒரு பக்கம். அந்த அலுவலகத்தை நம்பி வரும் ஏழை மனிதர் படும்பாடுதான் பெரிது.

இடைக்காலத்தை யார் பார்ப்பது?

குறிஞ்சாக்கேணி மக்களுக்கு இடைக்காலத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பழைய பாலத்தின் இடத்தில் புதியதைக் கட்டும் வேலை நடந்த காலத்தில், களப்பைக் கடக்க ஒரு தற்காலிகப் படகுப் பாதையே மக்களுக்கு இருந்தது. 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. புதிய பாலம் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்கவில்லை. பழையதுக்கும் புதியதுக்கும் நடுவில் இருந்த நாட்களை யார் பொறுப்பெடுத்தார்கள் என்பதே ஊர் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியை அதன் முழுக் கனத்தோடு மனதில் வைத்துத்தான் பொறுப்புக் கையளிப்பைப் பற்றி எழுதுகிறேன். ஆள் மாறும் காலத்தில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் அந்த மாற்றத்தில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள்.

அதனால் கடைசி மூன்று வருடத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் வருடம் எழுதுங்கள். அதிபர் என்றால் சம்பவத் திரட்டிலும் பொருட்பதிவேட்டிலும் உள்ளவை ஏற்கெனவே எழுதப்பட்டவை. எழுதப்படாதவைதான் தேவை. எந்த வகுப்பறைக் கூரை பெரும்போக மழைக்கு ஒழுகும், எந்தப் பிள்ளை காலைச் சாப்பாடு இல்லாமல் வருகிறது, எந்தத் தாய்க்குக் கடிதம் அனுப்பினால் வாசித்துச் சொல்ல ஆளில்லை. ஒரு கொப்பி போதும். இரண்டாவது வருடம் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். வலயக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் பிரதி அதிபரையும் கூட்டிப்போங்கள். அங்கே அவரைப் பேச விடுங்கள். மூன்றாவது வருடம் அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அவர் உங்களைப் போலச் செய்யமாட்டார். அதைத் திருத்தப் போகாதீர்கள். பிழை என்றால் மட்டும், தனியாக, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள்.

ஓய்வு வயதே இல்லாதவர்களுக்கு

கடைக்கும் வயலுக்கும் தோணிக்கும் யாரும் ஓய்வுக் கடிதம் அனுப்புவதில்லை. அங்கேதான் விலகுவது மிகக் கடினம், குடும்பங்களுக்குள் மிக நீண்ட மௌனங்கள் உண்டாவதும் அங்கேதான். மகனுக்கு நாற்பது வயது, அவனுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். காசு லாச்சியின் சாவி இன்னும் வாப்பாவின் இடுப்பில். மொத்த வியாபாரி வந்தால் மகன் எழும்பி நிற்கிறான், வாப்பா விலை பேசுகிறார். “வாப்பா, இந்த முறை நான் பேசிப் பார்க்கட்டா?” என்று கேட்க அவனுக்கு வாய் வருவதில்லை.

இப்படிப்பட்ட வாப்பாமாருக்கு என் யோசனை, எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமும் கொடுக்காதீர்கள். ஒரு துறையை முழுதாகக் கொடுங்கள். கொள்வனவு என்றால் கொள்வனவு. யாரிடம் வாங்குவது, எவ்வளவு, என்ன விலைக்கு என்பதெல்லாம் அவன் பொறுப்பு. முதல் முறை நட்டம் வரும். வந்தே தீரும். அந்த நட்டத்தின்போது நீங்கள் சொல்லும் முதல் சொல்தான் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கும். “எவ்வளவு போச்சு? சரி, அடுத்த லோடுக்கு என்ன செய்யப்போறாய்?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு கடன் கொப்பியைக் கொடுங்கள். யாரிடம் கண்டிப்பாகக் கேட்கலாம், யாரிடம் நோன்புப் பெருநாள் முடியும்வரை கேட்கக் கூடாது என்பதை வாயால் சொல்லிக் கொடுங்கள். அது எந்தக் கொப்பியிலும் இல்லாத வியாபாரம். வங்கிக் கணக்கில் இணைக் கையெழுத்து அதற்கடுத்தது. காணி உறுதி, பங்கு பிரிப்பு போன்றவற்றை நல்ல உடம்போடு இருக்கும்போதே சட்டத்தரணியிடம் கேட்டு முடியுங்கள். பெண்பிள்ளைகளின் பங்கை அந்த மேசையிலேயே பேசுங்கள்.

விவசாயிகளுக்கு ஒரு சொல். போகம் தொடங்கும் முன் நடக்கும் கூட்டத்துக்கு அடுத்த முறை மகனை அனுப்புங்கள். திரும்பி வந்தால் என்ன முடிவெடுத்தார்கள் என்று கேளுங்கள், ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள்.

காசுக் கணக்கு, சுருக்கமாக

அரச ஊழியர்கள் தங்கள் தனிப்பட்ட கோவையை 57 வயதிலேயே திறந்து பார்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, நியமனக் கடிதம் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி எழுதப்படும் நம் பெயர்களில் ஓரெழுத்து வித்தியாசம் சாதாரணம். ஓய்வூதியம் தாமதமாக அது போதும். விதவைகள், அநாதைகள் ஓய்வூதியப் பதிவையும் இப்போதே சரிபாருங்கள். உங்களுக்குப் பிறகு வீட்டில் இருப்பவருக்கு அதுதான் சோறு.

தனியார் துறையில் 2021 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. சட்டம் வந்தபோது 52 ஐத் தாண்டியிருந்தவர்களுக்கு வயதுக்கேற்ப வேறு வரம்புகள் உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், 1983 இன் பணிக்கொடைச் சட்டப்படி மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் உரிமை. இருபது வருடம் வேலை, கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய் என்றால் பணிக்கொடை ஆறு இலட்சம். கேட்டு வாங்குங்கள், அது யாருடைய தயவும் அல்ல. வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவருக்கு இவை எதுவும் இல்லாமல் இருக்கலாம். அவர் வீட்டுச் சுவரை உயர்த்தும் முன் சேமிப்பை உயர்த்த வேண்டும்.

இன்றே ருசியுங்கள்

விலகமுடியாமல் தவிப்பவர்கள் பலரிடம் பொதுவான ஒன்று உண்டு. வாழ்க்கையை ஓய்வுக்குப் பிறகு என்று ஒதுக்கி வைத்தவர்கள் அவர்கள். உம்ரா பிறகு, பேரப்பிள்ளையோடு கடற்கரை பிறகு, கூட்டாளியின் வீடு பிறகு. இருபத்தைந்து வருடம் இப்படி ஒத்திவைத்தவருக்கு அறுபதில் அவற்றைச் செய்யத் தெரிவதில்லை. அலுவலகம் மட்டும்தான் தெரிகிறது, அதனால் அதையே பிடித்துக்கொள்கிறார்.

ஆகவே வேலையில் இருக்கும்போதே வேலையை ருசியுங்கள். உங்களிடம் படித்த பிள்ளை தாதியாக நிற்கும் வைத்தியசாலைக்குப் போய் அவளைச் சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். நீங்கள் அனுமதிப்பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த காணியில் இன்று என்ன விளைகிறது என்று வழியில் இறங்கிப் பாருங்கள். உங்கள் உழைப்பின் பலன் கோவைக்குள் இல்லை என்று ஒருமுறை கண்ணால் கண்டவருக்குக் கதிரையின் பிடி தளரும்.

அடுத்த நாள் காலை

காமராசர் ஒன்பது வருடம் சென்னை மாநில முதலமைச்சராக இருந்துவிட்டு 1963 ஒக்டோபர் 2 இல் கட்சி வேலைக்காகப் பதவியை விட்டார். அப்துல் கலாம் 2007 இல் இந்திய ஜனாதிபதி மாளிகையை விட்டு வெளியே வந்து வகுப்பறைகளுக்குத் திரும்பினார், 2015 இல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். இருவரும் போகுமிடம் தெரிந்து போனவர்கள். நீங்களும் அப்படியே போங்கள். ஒரு கதிரையிலிருந்து எழும்பியதும் பள்ளிவாசல் நிருவாக சபை, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம் என்று அடுத்த தலைவர் கதிரையைத் தேட வேண்டாம். முதல் வருடம் எந்தச் சங்கத்திலும் கடைசி வரிசையில் இருங்கள். பழைய அலுவலகத்துக்கு ஆறு மாதம் போகாதீர்கள். பின்னவர் தொலைபேசியில் கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வீட்டிலும் ஒரு கையளிப்பு உண்டு. அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் காலை ஏழு மணிக்கு வெளியேறி மாலையில் திரும்பிய அத்தனை வருடமும் அந்த வீட்டை நடத்தியவர் உங்கள் மனைவி. அங்கே ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக வந்து சேர்பவர் நீங்கள். அரிசி எங்கே வைப்பது, மீன்காரரிடம் என்ன விலைக்கு வாங்குவது என்று முதல் வாரமே உத்தரவு போடத் தொடங்கினால் முப்பது வருட நிருவாகத்தை அவமதிக்கிறீர்கள். அவரிடம் கேளுங்கள், எந்த வேலையை என்னிடம் தந்தால் உனக்குச் சுகம் என்று. சந்தைக்குப் போவதாக இருக்கலாம், பேரப்பிள்ளையை ஓதப் பள்ளிக்குக் கூட்டிப்போவதாக இருக்கலாம். அவர் சொன்னதை எடுத்துச் செய்யுங்கள், அவர் செய்த முறையிலேயே.