மெம்பிரேனுக்கு முன்னால் எதை வைப்பது?

ஏரி நீரையோ ஆற்று நீரையோ அல்ட்ராஃபில்ட்ரேஷன் மெம்பிரேனில் வடிகட்டுகிறீர்கள். அழுத்தம் நாளுக்கு நாள் ஏறுகிறது, பின்னோட்டமாகக் கழுவிவிட்டாலும் இறங்க மறுக்கிறது. சருகும் பாசியும் மக்கிக் கரைந்த கரிமப் பொருள்மீதுதான் முதல் சந்தேகம் விழும். முன்சுத்திகரிப்புக்கு எது நல்லது என்று விற்பவரைக் கேட்டால் அவரிடம் இருப்பதைத்தான் சொல்வார். நீரைச் சோதித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

மொத்தக் கரிம அளவு ஒன்றே போதாது. 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை ஒரு மீட்டர் நீர் உறிஞ்சும் அளவை, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கரைந்த கரிமம் என்ற எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை 4-ஐத் தாண்டினால், சருகு மக்கி வரும் ஹியூமிக் பொருள் மிகுந்த பழுப்பு நீர். 2-க்குக் கீழே என்றால் பாசியிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வந்த சரக்கு அதிகம்.

பழுப்பு நீருக்குப் படிகாரம்தான் என் முதல் தேர்வு. பிஹெச் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் ஹியூமிக் பொருள் நன்றாகத் திரளும். மலிவு, பழக்கமான முறை. சேறு மட்டும் கூடும்.

பாசி நீரில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஹியூமிக் மூலக்கூறுகளில் பெரும்பகுதி மெம்பிரேன் துளை வழியே போய்விடும். துளையை அடைப்பது 20,000 டால்டனுக்கு மேற்பட்ட சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும். அவை புற ஊதாக் கதிரை அவ்வளவாக உறிஞ்சுவதில்லை, அதனால் ஆன்லைன் புற ஊதா மீட்டரின் கண்ணில் படவே படாது. மெம்பிரேனுக்குச் சற்று முன் குழாயிலேயே கொஞ்சம் படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ செலுத்தினால் அவற்றில் ஒரு பங்கு திரளோடு வந்துவிடும்.

தூள் கார்பன் வாசனைக்கும் பூச்சிக்கொல்லிக்கும் ஏற்றது. அடைப்புக்காக அதை வாங்காதீர்கள். பெரிய மூலக்கூறுகள் அதன் நுண்துளைக்குள் நுழையாது, சில சமயம் தூளும் அவையும் சேர்ந்து அப்பிக்கொள்ளும்.

அயனிப் பரிமாற்றப் பிசினும் ஹியூமிக் பொருளைத்தான் பிடிக்கும். நெதர்லாந்தின் ஆன்டைக்கில் 2014-இல் திறந்த நிலையத்தில் பிசினுக்கு அடுத்து பீங்கான் மெம்பிரேன், அதற்கடுத்து புற ஊதா விளக்கு. கதிரை மறைக்கும் ஹியூமிக் பொருள் முன்பே போய்விடுவதால் விளக்குக்கு லாபம். குளோரின் போட்டால் உண்டாகும் ட்ரைஹாலோமீத்தேன் உங்கள் கவலை என்றால் பிசின் தகும். ஆனால் அதைப் புதுப்பிக்கும் உப்புக் கரைசலை எங்கே கொட்டுவீர்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள்.

ஓசோன் பெரிய மூலக்கூறுகளை உடைக்கும். எஞ்சிய ஓசோனைப் பீங்கான் தாங்கும். பாலிமர் மெம்பிரேன்களில் பல தாங்காது. நீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் உருவாகும். உடைந்த துண்டுகள் பாக்டீரியாவுக்குத் தீனி என்பதால் பின்னால் உயிர்ப்படலம் வளர்ந்த கார்பன் வடிகட்டியும் வேண்டியிருக்கும்.

எதை வாங்கும் முன்பும் ஒரு சோதனை. காஸ்டிக் சோடாவும் ஹைப்போகுளோரைட்டும் விட்டுக் கழுவியதும் அழுத்தம் இறங்கினால் குற்றவாளி கரிமம்தான். சிட்ரிக் அமிலத்துக்குத்தான் இறங்குகிறது என்றால் இரும்பையோ சுண்ணத்தையோ தேடுங்கள். படிகாரம் அளவு மீறி வழிந்து வருகிறதா என்றும் பாருங்கள்.