தென்கடல் தீவுகளில் ஒரு நடுவழிக் கட்சி

சிரஞ்சீவி மீனாட்சிக்கு,

பூரண சுதந்திரம் வேண்டுமென்று முழங்குகிறவனிடம் ஒரு தீரம் இருக்கிறது, இப்போதுள்ள ஆட்சியே போதுமென்று சொல்கிறவனிடம் ஒரு தெளிவாவது இருக்கிறது, இவ்விரண்டுக்கும் இடையே நின்று சுயாட்சி மட்டும் கேட்கிறவனிடம் தயக்கத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். உன் வயதில் இப்படி நினைப்பது இயல்பே. ஆனால் நடுவில் நிற்பவர்களெல்லாம் பயத்தால் அங்கே நிற்கிறார்கள் என்று தீர்மானித்துவிட்டால் அரசியல் சரித்திரத்தில் பல அத்தியாயங்கள் உனக்கு விளங்காமலே போய்விடும். அவற்றுள் ஒன்றை, பசிபிக் சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் பிரெஞ்சு பாலினீசியாவின் கதையை, இன்று உனக்கு எழுதுகிறேன்.

தேசப்படத்தை எடுத்து வைத்துக்கொள். சொசைட்டி, துவாமோத்து, காம்பியே, மார்க்கெசாஸ், ஆஸ்திரல் என்னும் ஐந்து தீவுக்கூட்டங்கள். நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள். அத்தனையையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு ஏறக்குறைய 4,000 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அவை சிதறிக் கிடக்கும் கடலோ மேற்கு ஐரோப்பாவின் விஸ்தீரணத்துக்கு ஒப்பிடத்தக்கது. ஜனத்தொகை 2,80,000க்குச் சற்றுக் குறைவு. தாஹிட்டித் தீவிலுள்ள பாப்பேட்டே தலைநகரம். 1842ல் பிரெஞ்சுப் பாதுகாப்பின் கீழ் வந்த தாஹிட்டி ராஜ்யத்தை, 1880 ஜூன் 29ஆம் தேதி ஐந்தாம் பொமாரே அரசர் பிரான்சுக்கே ஒப்படைத்துவிட்டார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், நமது புதுச்சேரியும் காரைக்காலும் எந்த வகுப்பில் வைக்கப்பட்டனவோ அதே ‘கடல்கடந்த பிரதேசம்’ என்ற வகுப்பில் இத்தீவுகளும் வைக்கப்பட்டன. 1954ல் புதுச்சேரி அதிலிருந்து விலகிக்கொண்டது, தாஹிட்டி விலகவில்லை.

விலக முயன்ற ஒருவர் இருந்தார். ஹுவாஹினே தீவில் பிறந்த தச்சர், முதல் உலக யுத்தத்தில் பிரான்சுக்காகப் போரிட்டவர், பூவானா ஆ ஓபா என்பது அவர் பெயர். 1958 செப்டம்பரில் ஜெனரல் டிகால் தம் புதிய அரசியல் சாசனத்தை எல்லாப் பிரதேசங்களின் வாக்குக்கும் விட்டபோது, ‘வேண்டாம்’ என்று சொன்னால் உடனே சுதந்திரம் என்று தெரிந்தே, ‘வேண்டாம்’ என்று வாக்களிக்கும்படி பூவானா பிரசாரம் செய்தார். நூற்றுக்கு 64 பேர் ‘வேண்டும்’ என்றார்கள். மறுமாதமே அவர் கைது செய்யப்பட்டார். பாப்பேட்டே நகருக்குத் தீவைக்கச் சதி செய்தார் என்று குற்றஞ்சாட்டி, எட்டாண்டுச் சிறையும் பதினைந்தாண்டு நாடுகடத்தலும் விதித்தார்கள். அவருடைய கட்சி 1963ல் கலைக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பைப் பிரான்சின் நீதிமன்றமே 2018ல் ரத்துச் செய்தது என்பதையும், அப்போது அவர் இறந்து நாற்பத்தோராண்டு ஆகியிருந்தது என்பதையும் நீ மறவாதே. நியாயம் வந்து சேர்வதற்கும் அதற்கு உரியவன் போய்விடுவதற்கும் இடையிலுள்ள இந்தத் தூரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகிறது.

சுயாட்சிக் கட்சி பிறந்தது இந்தப் பின்னணியில். சுதந்திரம் என்ற சொல்லை உச்சரித்தவர் நாடுகடத்தப்பட்டிருக்கிறார். அவர் கட்சி இல்லை. மொருரோவா, ஃபங்கதாவுஃபா தீவுகளில் அணுகுண்டுச் சோதனைக்கான ஆயத்தங்கள் நடக்கின்றன. அதற்காகக் கொட்டப்படும் பணத்தினால் தீவின் வாழ்க்கையே தலைகீழாகிறது. அந்த வேளையில், 1965ல், ஃபிரான்சிஸ் சான்ஃபோர்ட் என்ற ஆசிரியர் ‘புதிய பாதை’ என்று பொருள்படும் பெயரில் ஒரு கட்சியைத் தொடங்கி, பூவானாவின் தோழராயிருந்த ஜான் தேயாரிக்கியோடு சேர்ந்து, உள்நாட்டு சுயாட்சியைக் கோரினார். அதே குரலில் அவர்கள் அணுச் சோதனையையும் எதிர்த்தார்கள், பூவானாவை ஊருக்கு அனுப்புங்கள் என்றும் கேட்டார்கள். 1968ல் பூவானா திரும்பினார். 1976ல் இந்தச் சுயாட்சிக்காரர்கள் சட்டசபைக் கட்டிடத்துக்குள்ளேயே புகுந்து மாதக்கணக்கில் அமர்ந்துவிட்டார்கள்; அந்தப் பிடிவாதத்தின் பயனாகவே 1977 ஜூலையில் நிர்வாக சுயாட்சிச் சட்டம் வந்தது. இதைச் செய்தவர்களைத் தயங்கியவர்கள் என்று சொல்ல உனக்கு மனம் வருமா?

இதற்குப் பிறகு கதை ஒரு விசித்திரமான திருப்பம் கொள்கிறது. சுயாட்சியை முன்பு எதிர்த்து வந்த காஸ்தோன் ஃப்ளோஸ் என்பவர், 1980ஐ ஒட்டி, அதே கொள்கையைத் தமதாக்கிக்கொண்டார்; 1982ல் தேர்தலில் வென்றார்; 1984 செப்டம்பரில் பிரான்ஸ் இன்னும் விரிவான சுயாட்சி வழங்கியபோது, அதன்கீழ் அமைந்த அரசாங்கத்தின் முதல் தலைவரும் அவரே ஆனார். அதுவரை பாரிஸ் அனுப்பிய அதிகாரியே தலைமை வகித்த மந்திரிசபைக்கு, தீவின் மனிதர் ஒருவர் தலைவரானார் என்பது பெரிய காரியந்தான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வரிவிதிப்பும் சுகாதாரமும் நிலமும் கடல்வளமும் தீவின் அரசாங்கத்திடம் வந்தன. நாணயமும் நீதியும் பாதுகாப்பும் வெளிநாட்டு உறவும் பிரான்சிடம் நின்றன. ஆனால் 1984 முதல் 1987 வரையிலும், மறுபடி 1991 முதல் 2004 வரையிலும் தலைமைப் பீடத்தில் ஒரே மனிதர் இருந்தார். பிற்காலத்தில் பிரெஞ்சு ஜனாதிபதியான ழாக் ஷிராக்கின் நண்பர் அவர். செனட் சபையிலும் அங்கத்தினர். பாரிஸிலிருந்து பெற்ற அதிகாரமெல்லாம் பாப்பேட்டேயில் ஒரே அறையில் குவிந்தது.

சுயாட்சி என்றால் தூரத்திலுள்ள தலைநகரிடமிருந்து அதிகாரத்தை வாங்குவது என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். வாங்கிய பிறகு அது யாரிடம் போகிறது, யார் அதைத் தட்டிக் கேட்கிறார், மற்றத் தீவுகளுக்கு அதில் பங்கு என்ன என்ற கேள்விகளை அப்போது கேட்க மறந்துவிடுகிறோம். மார்க்கெசாஸ் தீவுகள் தாஹிட்டிக்கு வடகிழக்கே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டரில் இருக்கின்றன. அங்கே வாழும் ஒருவனுக்கு, பாரிஸ் எட்டாத தூரத்திலிருந்து ஆண்டது ஒரு குறையென்றால், பாப்பேட்டே எட்டாத தூரத்திலிருந்து ஆளுவதும் குறைதானே? தாஹிட்டியைவிட நேரே பிரான்சோடு சேர்ந்திருப்பதே மேல் என்று சொல்கிற குரல்கூட அத்தீவுகளில் கேட்டிருக்கிறது.

இந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டவர்கள்தாம் உனக்கு நான் அறிமுகப்படுத்த விரும்பிய நடுவழிக் கட்சியார். தாஹிட்டியில் பாப்பேட்டேக்கு அடுத்துள்ள ஆருயே நகராட்சியின் மேயர் போரிஸ் லெயோன்தியெஃப், 1990களின் நடுவில் ‘ஃபேத்தியா ஆப்பி’ என்ற கட்சியைத் தோற்றுவித்தார். ‘புதிய நட்சத்திரம்’ என்று அதற்குப் பொருள். ஒஸ்கார் தெமாருவின் கட்சி கோரிய சுதந்திரத்தை இவர்கள் ஏற்கவில்லை, பிரான்சுக்குள் சுயாட்சி என்பதே இவர்கள் நிலை. ஆயினும் ஃப்ளோஸின் ஆட்சிமுறையையும் இவர்கள் ஏற்கவில்லை. இருபெரும் கட்சிகளும் பிரான்சோடு உறவு என்ன என்ற ஒரே கேள்வியைக் கொண்டு ஜனங்களை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தபோது, உள்ளூர் ஆட்சி ஒழுங்காக நடக்கிறதா என்ற கேள்விக்கு இவர்கள் இடம் தேடினார்கள். 2001ஆம் வருஷத்துத் தேர்தலில் 49 இடங்களில் 7 இவர்களுக்குக் கிடைத்தன. ஃப்ளோஸின் கட்சிக்கு 28, தெமாருவின் கட்சிக்கு 13.

மறுவருஷம் பெரும் துக்கம் நேர்ந்தது. பிரெஞ்சுப் பாராளுமன்றத் தேர்தலுக்காகத் தீவு தீவாகப் பிரசாரத்துக்குச் சென்ற லெயோன்தியெஃப் ஏறிய சிறு விமானம், 2002 மே 23ஆம் தேதி துவாமோத்துக் கடற்பரப்பில் மறைந்துபோயிற்று. மார்க்கெசாஸிலுள்ள நூக்கு ஹீவாவின் மேயர் லூசியேன் கிமிதேதேயும் அவருடன் இருந்தார். விமானமும் கிடைக்கவில்லை, மனிதர்களும் கிடைக்கவில்லை. சிறிய கட்சிகளின் துர்ப்பாக்கியம், ஒருவர் போனால் பாதிக் கட்சி போய்விடுவதுதான். ஃபிலிப் ஷைல் ஆருயேயின் மேயர் பதவியையும் கட்சியின் தலைமையையும் ஏற்றுக்கொண்டார்.

இனி, நீ கவனித்துப் படிக்கவேண்டிய பகுதி வருகிறது. 2004 பிப்ரவரியில் பிரான்ஸ் புதிய சுயாட்சிச் சட்டம் ஒன்றை இயற்றியது. தீவுச் சபை தனக்கென ‘நாட்டுச் சட்டங்கள்’ இயற்றும் உரிமை அதில் இருந்தது. கூடவே தேர்தல் விதியும் மாறிற்று. ஒவ்வொரு தொகுதியிலும் முதலாவதாக வருகிற பட்டியலுக்கு அத்தொகுதியின் இடங்களில் மூன்றிலொரு பங்கு வெகுமதியாகப் போகும், எஞ்சியவையே வாக்கு விகிதப்படி பங்கிடப்படும் என்பது அந்த விதி. ஃப்ளோஸின் கட்சிக்கே இது அனுகூலம் என்று பலரும் எண்ணினார்கள். லெயோன்தியெஃப் மறைந்து சரியாக இரண்டு வருஷம் நிறைந்த 2004 மே 23 அன்று தேர்தல் நடந்தது. தாஹிட்டியும் மூரேயாத் தீவும் சேர்ந்த பெரிய தொகுதியில், நானூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் முந்தியது தெமாருவின் கூட்டணி! வெகுமதியான 13 இடங்கள் அப்படியே அவர் பக்கம் போயின.

மொத்தம் 57 இடங்கள். ஃப்ளோஸுக்கு 28, தெமாருவுக்கு 27. மீதி இரண்டில் ஒன்று ஷைலுக்கு, மற்றொன்று அதே நடுவழியில் தனிக் கட்சி நடத்திய நிக்கோல் பூத்தோ என்ற பெண்மணிக்கு. ஏழு இடங்களோடு இருந்த கட்சி புது விதியினால் ஒன்றுக்குச் சுருங்கியிருந்தது. ஆனால் தராசின் முள் அந்த ஒன்றிலும் இந்த ஒன்றிலும் நின்றது. சுயாட்சிவாதிகளாகிய அவ்விருவரும், பிரான்சைப் பற்றிய கொள்கையில் தங்களுக்கு நெருக்கமான ஃப்ளோஸை விட்டு, சுதந்திரவாதியான தெமாருவை ஆதரித்து, ஃப்ளோஸின் நீண்ட ஆட்சியை முடித்து வைத்தார்கள். அப்போது சுதந்திரம் முன்னே நின்ற கேள்வியாக இல்லை, ஆட்சி மாறக்கூடியதா என்பதே கேள்வியாக இருந்தது என்று நான் கருதுகிறேன். கொள்கையைக் கைவிட்டார்கள் என்று அவர்களை ஏசியவர்களும் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுயாட்சியின் பயன் ஜனங்கள் தங்கள் ஆட்சியைத் தாங்களே மாற்றிக்கொள்வது என்றால், அன்று அவர்கள் செய்ததே சுயாட்சி.

தெமாருவின் ஆட்சி நிலைக்கவில்லை. அக்டோபரில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் விழுந்தது. அதை எதிர்த்துப் பாப்பேட்டே வீதிகளில் அத்தீவுகள் அதுவரை கண்டிராத ஊர்வலம் நடந்தது. பெரிய தொகுதியின் தேர்தல் பாரிஸில் ரத்தாயிற்று. 2005 பிப்ரவரியில் மறுதேர்தலில் ஷைலும் பூத்தோவும் ஒரே அணியாக நின்றார்கள். மார்ச்சில் தெமாரு ஆட்சிக்குத் திரும்பினார். 2006ல் ஷைல் சட்டசபைத் தலைவரானார். அதன்பின் 2013 வரை ஃப்ளோஸ், தெமாரு, காஸ்தோன் தோங் சாங் ஆகிய மூவரும் மாறிமாறி ஏறியிறங்கிய அவலத்தை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. கட்சி தாவுதல் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. நடுவில் இருப்பவன் இரண்டு பக்கமும் போகலாம் என்ற வசதியைச் சிலர் கொள்கைக்காகவன்றிப் பதவிக்காகப் பயன்படுத்தினார்கள் என்பதை மறைப்பது நியாயமாகாது. நடுவழிக்குரிய வியாதி அதுதான். உன் சந்தேகத்தில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவென்று 2011ல் விதியை மறுபடி மாற்றினார்கள். இரண்டு சுற்று வாக்கெடுப்பு. இரண்டாவதில் முதலாக வருகிறவருக்கு 19 இடங்கள் வெகுமதி. 2013ல் நடுவழியில் நின்ற ‘ஆ தியா போரிநேசியா’ என்னும் புதிய அணி கால்பங்கு வாக்குகளைப் பெற்றது, இடங்களோ 8. மூன்று வருஷத்துக்குப் பின் அது எதுவார் ஃப்ரிட்ச் தொடங்கிய பெரிய கட்சியில் கலந்துவிட்டது. 2023ல் தெமாருவின் கட்சியே 38 இடங்களோடு வென்று, மோயேதாய் புரோதெர்சனைத் தலைவராக்கியது. அந்தத் தேர்தலிலும் நடுவே ஒரு சுயாட்சி அணி நின்றது. நூற்றுக்கு 17 வாக்குகள் பெற்றது. வாக்கு விகிதப்படி பங்கிட்டிருந்தால் 57ல் ஒன்பது பத்து இடங்கள் வந்திருக்கும். வந்தவை 3.

ஸ்திரமான ஆட்சிக்காகவே இந்த வெகுமதி என்று சொல்கிறார்கள். 2004க்கும் 2013க்கும் இடையே நடந்ததை நினைத்தால் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் பத்தில் ஆறு ஏழு இடங்களைப் பத்தில் நான்கைந்து வாக்குக்குக் கொடுக்கும் விதி, சுதந்திரமா பிரான்சா என்ற பிளவை நாளுக்கு நாள் அகலமாக்கி, வேறு கேள்வி கேட்பவர்களுக்குச் சபையில் நாற்காலி இல்லாமல் செய்கிறது என்பது என் அபிப்பிராயம். வெகுமதி 19 இடங்களாகவே இருக்கவேண்டுமா, குறைத்தால் எவ்வளவு, குறைத்தபின் தாவல்களை எப்படித் தடுப்பது என்பதை நீயே ஒரு காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்து, உன் முடிவை எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா