கடையடைத்தவர்கள் பக்கம்

அன்புள்ள வாசகருக்கு,

"ஊரைக் காப்பாற்றத்தானே வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ்? அதை எதிர்த்து ஊட்டிக்காரர்களே கடையடைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 2025 ஏப்ரல் 2 அன்று கடையை மூடியவர்களுக்கு ஊர்மேல் அக்கறையில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

2025 சீசனில் இ-பாஸுக்கு உயர் நீதிமன்றம் வைத்த வரம்பு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அதுவும் ஏப்ரல் முதல் ஜூன் வரை. வர்க்கியும் தைலமும் விற்பவருக்கு அந்த மூன்று மாதம்தான் வருஷத்துக்கான சோறு. மலர்க்காட்சிக் கூட்டத்தை நம்பித்தான் கடை வாடகை, பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம். வண்டி குறைந்தால் அன்று மாலையே கல்லா காட்டிக்கொடுத்துவிடும். ஊர் தேறினால் அந்தப் பலன் எப்போது, யார் கைக்கு வரும்? அவரிடம் அதை யாரும் உட்கார்ந்து பேசவில்லை.

அதே கடைவீதிக்குப் பின்னால் ஏறும் சந்துகளில் பேச்சே வேறு. சீசனில் குடத்தோடு குழாயடியில் நிற்கும் பெண்ணுக்கு இ-பாஸ் போதாது, இன்னும் இறுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 88,000 பேர் இருந்த ஊர் இது. பார்சன்ஸ் வேலி அணைத் தண்ணீரை வந்தவர்களோடும் பங்கிட வேண்டியிருக்கிறது. குடத்தோடு நிற்கும் அந்தப் பெண்ணின் கணவர் டூரிஸ்ட் வண்டி ஓட்டுபவராக இருந்தால், ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி. இரண்டுமே நியாயம்தான்.

எனக்குள்ள வருத்தம் வேறு. இ-பாஸ் வண்டியை எண்ணுகிறது; அறைகளை எண்ணுவதில்லை, கழிவுநீரையும் எண்ணுவதில்லை. ஜான் சல்லிவன் 1820களில் உண்டாக்கிய ஏரிக்குள் கோடப்பமந்து கால்வாய் ஊர்ச் சாக்கடையைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு வண்டியை மட்டும் எண்ணும்போது, சுமை முழுவதும் தன் தலையில்தான் விழுகிறது என்று சின்னக் கடைக்காரர் நினைத்தால் அவரை எப்படிக் குறை சொல்வது? ஊரின் தாங்குதிறனை அளக்கும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போயிருக்கிறது. அவர்கள் முதலில் குழாயடிக்கும் தள்ளுவண்டிக்கும் போய்க் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

நீங்கள் மே மாதம் வருவதாக எழுதியிருந்தீர்கள். அரசு பஸ்ஸுக்கும் மலை ரயிலுக்கும் இந்த வரம்பு கிடையாது. காரை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். காலையில் வந்து மாலையில் இறங்காமல் இரண்டு இரவு தங்குங்கள். அறை எடுக்கும்போது, கழிவுநீர் எங்கே போகிறது என்று மேனேஜரிடம் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்